பாதியில் நிறுத்திய பெயர்

தாயி,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. உன் அம்மா அதை என் கையில் கொடுப்பதற்கு முன்பே தெருவில் நாலு வீட்டுக்குப் போய், "எம் மக தாலுகா ஆபீசுலருந்து கடுதாசி போட்டிருக்கா" என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாகத்தான் படித்தேன். இரண்டாம் தடவை ஒரு வார்த்தை கண்ணில் உறுத்தியது. மூன்றாம் தடவை அந்த வார்த்தையை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடல் வருஷா வருஷம் உள்ளே வருவதால் ஒரு மீனவக் குப்பத்தைக் காலி செய்யப் போகிறார்கள், "அப்புறப்படுத்த வேண்டிய குடும்பங்களின்" பட்டியல் எடுக்க அடுத்த மாதம் நானும் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அப்புறப்படுத்த வேண்டிய குடும்பங்கள்! இந்த வார்த்தையை உனக்கு யார் கொடுத்தது? நம் வீட்டில் ஒருவரும் மனுஷரைப் பற்றி அப்படிப் பேசி நீ கேட்டிருக்க மாட்டாய். குப்பையைத்தான் அப்புறப்படுத்துவார்கள். வேலையில் சேர்ந்து இருபது நாள் முழுசாக ஆகவில்லை, அதற்குள் அந்த நாற்காலி உனக்குப் பேசக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

உன் அம்மாவிடம் சொன்னேன். "பெத்த மகளையுமா சந்தேகப்படுவீக? நல்லாருக்கு!" என்று கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். சந்தேகப்படத்தான் செய்கிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் எங்களோடு நின்றவரைக்கும் உன்னைச் சந்தேகிக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. இப்போது நீ அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறாய். கையில் பேனா இருக்கிறது. எதிரே நிற்கிறவர்களுக்கு வீடு போய்விட்டது, அல்லது போகப்போகிறது. அப்படி நாங்கள் நின்ற கதை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். மலை சரிந்தபோது உனக்கு ஒன்பது வயது. உனக்கு ஞாபகம் இருப்பதாகத் தோன்றுவதில் பாதி நாங்கள் பின்னால் உனக்குச் சொன்னது. அதிலும் ஒரு பகுதியை நான் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். பேச்சியம்மா அத்தைக்கு அரசாங்கம் முதலில் இடம் கொடுக்காமல் விட்டுவிட்டது என்றுதானே கேட்டு வளர்ந்தாய்? அது முழு உண்மை இல்லை. நீ அந்தக் குப்பத்துக்குப் போவதற்கு முன்னால் மீதி உண்மையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் சந்தேகக் குணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. என் அப்பாவுக்கு ராசிங்காபுரத்துக்குக் கிழக்கே கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. மழை ஏமாற்றிய ஒரு வருஷம், சொந்தக்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்து என்று சொல்லி அவரிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார். ஆறு மாதம் கழித்து நிலத்தில் வேறொருவர் ஏர் பூட்டி நிற்பதைப் பார்த்த பிறகுதான் அது கிரயப் பத்திரம் என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் குடும்பத்தோடு குரங்கணிக்கு மேலே ஏறினார். என்னை மட்டும் போடியில் ஒரு வீட்டில் விட்டு எட்டாவது வரை படிக்க வைத்தார். "நீ கலெக்டராக வேணாம்டா. எதுல கை வைக்கிறோம்னு தெரிஞ்சாப் போதும்" என்பார். அதனால் எழுத்தும் சந்தேகமும் எனக்கு ஒன்றாகவே வந்து சேர்ந்தன. இன்றுவரை இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை.

அப்பா ஏறி வந்த ஊத்துமேட்டில் நம்மோடு சேர்த்துப் பத்தொன்பது வீடு. குரங்கணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஏற வேண்டும். கோவேறு கழுதைதான் லோடு கொண்டுவரும். முகட்டைத் தாண்டினால் ஏலத் தோட்டங்கள், அங்கேதான் எல்லோருக்கும் சோலி. வீட்டுக்குப் பின்னால் ஆளுக்குக் கொஞ்சம் காப்பியும் எலுமிச்சையும் வைத்திருந்தோம். பட்டா யாரிடமும் இல்லை. பிறந்தது, கட்டிக்கொடுத்தது, புதைத்தது எல்லாம் அங்கேதான். அதைவிடப் பெரிய பத்திரம் வேண்டுமா என்று எல்லோரும் இருந்தார்கள். எனக்கு மட்டும் அது ஒரு மூலையில் அரித்துக்கொண்டே இருக்கும். அதற்குள் மழையும் பழைய மழையாக இல்லாமல் போயிற்று. ஆனி, ஆடியில் முகட்டைத் தாண்டி வந்து நாள் முழுக்கத் தூவும் சாரல் இரண்டு வருஷம் வரவே இல்லை. ஏலச்செடியில் சரம் விட்டதெல்லாம் பூக்காமல் கருகியது. மூன்றாம் வருஷம் ஐப்பசியில், அதுவரை வராத மழைக்கும் சேர்த்து வந்ததுபோலக் கொட்டியது. மேலே சரிவில் இருந்த பெரிய மரங்களை அதற்கு முந்தின கோடையில்தான் தோட்டத்துக்காரர்கள் வெட்டி இறக்கியிருந்தார்கள். ஏன் இப்படி மழை மாறுகிறது என்று அப்போது யாருக்கும் சொல்லத் தெரியாது. இப்போது பேப்பரில் என்னென்னவோ போடுகிறார்கள், பூமியே சூடாகிறது என்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், மழையைக் கெடுத்தது நாங்கள் இல்லை, வீடு போனது எங்களுக்கு என்பதுதான்.

மழை பிடித்து ஏழாம் நாள் காலையில் உன் அம்மா குடத்தோடு திரும்பி வந்து, "ஊத்துத் தண்ணி செக்கச் செவேல்னு வருது" என்றாள். நான் மேலே ஏறிப் பார்த்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீரே வரவில்லை. ஏழு நாள் அடைமழையில் ஊற்று எப்படி நிற்கும்? தண்ணீர் வெளியே வராவிட்டால் உள்ளேதான் எங்கேயோ சேர்ந்துகொண்டிருக்க வேண்டும். வீடு வீடாக ஓடி எல்லோரையும் எதிர்மேட்டுக்குப் போகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக் கருப்பையா சிரித்தான். "அண்ணே, போன வாரம் பாற சாஞ்சிருக்குன்னீக. அதுக்கு முந்தி மரம் வெட்டுனதுல சூது இருக்குன்னீக. இன்னைக்கு ஊத்தா?" என்றான். ஆனாலும் கிளம்பிவிட்டான். அவன் மனைவி பேச்சியம்மா உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள், அது உனக்கு ஞாபகம் இருக்கும். எதிர்மேட்டில் எல்லோரும் நனைந்துகொண்டு நின்றோம். கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கருப்பையாவுக்குப் பொறுக்கவில்லை. "ஆடு ரெண்டும் கட்டுல கெடக்கு. அவுத்துவிட்டுட்டு வெரசா வந்துர்றேன்" என்று இறங்கினான். அவன் வீட்டை எட்டுவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அப்புறம் மலை நகர்ந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. நடுவில் ஏழு வீடு இருந்த இடத்தில் சேறும் பாறையும் மட்டும் இருந்தன. நாலு நாள் தோண்டியும் கருப்பையா கிடைக்கவில்லை.

மற்ற அத்தனை பேரும் உயிரோடு இறங்கினோம். அது என் சந்தேகத்தால் என்று ஊரே சொன்னது. நானும் நம்பினேன். அதைத்தான் நீ கவனிக்க வேண்டும், தாயி. ஒரு தடவை சரியாகப் போன சந்தேகம் மனுஷனை என்ன பாடுபடுத்தும் என்பதை நான் அப்போது அறியவில்லை.

எங்களைப் போடியில் பஞ்சு மூட்டை அடுக்கும் ஒரு பழைய கிட்டங்கியில் தங்க வைத்தார்கள். சேலையைக் கட்டி மறைத்துக் குடும்பம் குடும்பமாக இருந்தோம். பத்து நாள் கழித்து, எங்கள் சரிவுக்கு மேலே இருந்த தோட்டத்தின் மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார். ஆளுக்கு ஒரு கம்பளி. கூடவே டைப் அடித்த தாள், அடியில் ரப்பர் முத்திரை, மை டப்பா. "கம்பளி வாங்குனதுக்கு ஒரு அடையாளம், அம்புட்டுத்தான். வரிசையா வந்து கைநாட்டு வைங்க" என்றார். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த சனம் எழுந்து வரிசையில் நின்றது. நான் தாளை வாங்கிப் படித்தேன். முதல் நாலு வரியில் கம்பளி இருந்தது. ஐந்தாவது வரியில், ஊத்துமேட்டை நாங்கள் எங்கள் விருப்பப்படி விட்டு வந்ததாகவும், இனிமேல் அந்த இடத்தில் எங்களுக்கோ வாரிசுகளுக்கோ எந்தப் பாத்தியதையும் இல்லை என்றும் இருந்தது. சத்தம் போட்டுப் படித்தேன். "மல விழுந்து ஓடி வந்தோம், விருப்பப்பட்டா வந்தோம்?" என்று பேச்சியம்மாதான் முதலில் கேட்டாள். தாலி அறுத்துப் பத்து நாள்கூட ஆகாதவள். மேனேஜர் மை டப்பாவை மூடிக்கொண்டு போனார். கம்பளியையும் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எல்லோரும் குளிரில்தான் படுத்தார்கள், ஆனால் என்னைப் பார்த்த பார்வையே வேறாக இருந்தது. அதற்குப் பிறகு கிட்டங்கிக்கு எந்தத் தாள் வந்தாலும் என் முகத்தைப் பார்க்காமல் யாரும் விரலை நீட்டியதில்லை.

அடுத்த வாரம் இன்னொருவர் வந்தார். உன் வயதுதான் இருக்கும், ஒல்லியான ஆள், மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் காலை நூலால் கட்டியிருந்தார். வருவாய்த் துறையில் எழுத்தர் என்றார். கையில் முத்திரையும் இல்லை, உத்தரவும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பதுபோல ஒரு கோடு போட்ட நோட்டு மட்டும் இருந்தது. ஒவ்வொரு குடும்பத்தின் பேர், எத்தனை வருஷமாக அங்கே குடியிருந்தார்கள், என்ன போயிற்று, யார் போனார் என்று எழுதிக்கொள்ள வேண்டும் என்றார். "யாரு அனுப்புனது ஒங்கள?" என்று கேட்டேன். "யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்" என்றார். எங்கேயாவது ஒரு அரசாங்க ஆள் தானாக வருவானா? போதாக்குறைக்கு, அந்த மேனேஜரின் ஜீப்பிலிருந்து அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்குவதை அன்று காலையில்தான் என் கண்ணால் பார்த்திருந்தேன். எனக்கு எல்லாம் பொருந்திப் போயிற்று. முத்திரையோடு வந்து தோற்றவர்கள், இப்போது முத்திரை இல்லாமல் ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

அதற்குள் பேச்சியம்மா அவர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். செத்தவர் பேரைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அதுவரை அவள் புருஷனைப் பற்றி ஒருவரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. கட்டினவன் பேரை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லாதவள், தயங்கித் தயங்கி, "கரு..." என்று ஆரம்பித்தாள். அவர் எழுத ஆரம்பித்தார்.

"தங்கச்சி, நிறுத்து" என்றேன்.

அவள் நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. எழுந்து என் பின்னால் வந்து நின்றாள். மற்றவர்களும் வந்து நின்றார்கள். அந்த எழுத்தர் என்னைப் பார்த்து, "பேர் இருந்தாத்தான்யா நாளைக்குப் பேச ஒரு பிடி இருக்கும்" என்றார். "சீல் இல்லாத நோட்டுல எங்க பேரு எதுக்கு? போயிட்டு ஆர்டரோட வாங்க" என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். நான் சனத்தை வெளியே அனுப்பிவிட்டேன். மூன்றாவது தடவை வந்தபோது யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கிட்டங்கி வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். என்னமோ பெரிய கோட்டையைக் காப்பாற்றிவிட்ட நினைப்பு எனக்கு.

நாலு மாதம் கழித்து உத்தரவு வந்தது. ராசிங்காபுரம் தாண்டிப் பொட்டிபுரம் போகிற வழியில், இப்போது நாம் இருக்கிற இந்த இடத்தில், வீட்டு மனை கொடுக்கிறார்கள். பட்டியல் வாசிக்கிறார்கள் என்று எல்லோரும் போய் நின்றோம். பத்தொன்பதில் பதினாலு பேர் வாசித்தார்கள். மூன்றாவதாக என் பெயர் வந்தது. எனக்குப் புரியவில்லை. நான் யாரிடமும் பேர் கொடுக்கவே இல்லையே! திரும்பி உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயே என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னாள். மூன்றாம் தடவை திரும்பிப் போன அந்த எழுத்தர், எதிர்த்த டீக்கடையில் சாயந்திரம் வரைக்கும் பஸ்சுக்காகக் காத்திருந்திருக்கிறார். உன் அம்மா தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரி போய், நம் குடும்பத்தின் பேரைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவளைப் போலவே இன்னும் பதின்மூன்று வீட்டுக்காரர்கள், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், எனக்கும் தெரியாமல் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நோட்டை வைத்துத்தான் பட்டியல் தயாராகியிருக்கிறது. "ஒங்கள நம்பாம இல்ல. புள்ளைக்குத் தலைக்கு மேல ஒரு கூர வேணும்ல? அந்தாளு மூணு வாட்டி வந்தாரு. ஏமாத்த வந்தவன் ஒரு வாட்டி வெரட்டுனா வரமாட்டான்" என்றாள். எட்டாவது படித்த எனக்குத் தோன்றாதது பள்ளிக்கூடமே போகாத அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

விட்டுப்போன ஐந்து குடும்பம் யார் தெரியுமா? என்னை முழுசாக நம்பினவர்கள். அவர்களில் ஒருத்தி பேச்சியம்மா. பட்டியல் வாசித்து முடிந்ததும் என்னிடம் வந்து, "ஏண்ணே, ஒங்க பேரு இருக்கு, எம்பேரு இல்லையே?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நான் வேறு ஏதோ காரணம் சொல்லுவேன் என்று எதிர்பார்த்துக் கேட்டாள். நான் சொன்னேன், "ஆபீசுல விட்டுட்டாக போலருக்கு, ஆத்தா." பட்டியல் அந்த எழுத்தரின் நோட்டிலிருந்துதான் வந்தது என்பதை மறைத்துவிட்டேன். அவள் தலையாட்டினாள். உன் அம்மா அப்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி வேறெப்போதும் என்னைப் பார்த்ததில்லை.

பேச்சியம்மா மலை தாண்டி இடுக்கிப் பக்கம் ஒரு ஏலத் தோட்டத்தில் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்விட்டாள். மற்ற நாலு குடும்பமும் ஆளுக்கு ஒரு திசை. ஒரு வருஷம் கழித்து அவள் ஒரு சோலியாகப் போடிக்கு வந்தபோதுதான், அந்தப் பட்டியலில் இல்லாதது எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிந்தது. ரேஷன் கார்டு கேட்டால், எந்த ஊர் என்றார்கள். ஊத்துமேடு என்றாள். ஊத்துமேட்டில் இருந்தவர்கள் பட்டியலில் உன் பேர் இல்லையே என்றார்கள். புருஷன் செத்ததற்குச் சான்று கேட்டால், உடல் கிடைக்கவில்லை, அந்த ஊரில் அப்படி ஒரு ஆள் இருந்ததற்கே எழுத்தில் ஆதாரம் இல்லை என்றார்கள். அவள் திரும்பி வந்து நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து, "அண்ணே, அவுக செத்ததும் பொய்யின்னா, வாழ்ந்ததும் பொய்யா?" என்று கேட்டாள். உள்ளே நீ பாடம் படித்துக்கொண்டிருந்தாய். நான் அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் பஸ் ஏறினேன்.

பட்டியலில் சேர்க்கக் கேட்டுப் பல அலுவலகங்களுக்கு நடந்தேன். யாரும் என்னை அடித்து விரட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். "அப்ப ஏன் பேர் குடுக்கல?" என்று எல்லோரும் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டார்கள். நான் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பதில் சொன்னேன். காய்ச்சலில் படுத்திருந்தாள் என்றேன், சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தாள் என்றேன். எதுவும் எதோடும் ஒட்டவில்லை. கடைசியில் அந்த எழுத்தரைத் தேடிப் போனேன். அவரை மாற்றல் செய்துவிட்டிருந்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போய் ஒரு சின்ன ஊரில் அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அன்னைக்கு அந்த ஜீப்புல ஏன் வந்தீக?"

அவருக்குக் கொஞ்ச நேரம் ஞாபகமே வரவில்லை. பிறகு, "பஸ்ச விட்டுட்டேன். கைய காட்டுனேன், அந்த ஜீப்புத்தான் நின்னுச்சு" என்றார். அவ்வளவுதான். அதன் மேல்தான் நான் அத்தனையையும் கட்டியிருந்தேன். ஏன் உத்தரவு இல்லாமல் வந்தீர்கள் என்று கேட்டேன். "மேல பட்டா இல்லாத சனம். அங்க யாருமே குடியிருக்கலன்னு யாராவது ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சு போச்சு. அதுக்கு முந்தி நாம எழுதிடணும்னு தோணுச்சு" என்றார். அந்த நோட்டை எழுதியதற்காக அவரிடம் விளக்கம் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்றும் அப்போதுதான் தெரிந்தது. பேச்சியம்மாவைக் கிட்டங்கியில் பார்த்தேன் என்று சாட்சி சொல்ல வருகிறேன் என்றார். "ஆனா நான் வந்தா மட்டும் பத்தாது. அவங்க ஏன் பேர் குடுக்கலன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். நெசத்த எழுதிக் குடுக்கணும்" என்றார்.

எழுதிக் கொடுக்க எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. தாள் வாங்கி வைத்திருந்தேன், பேனாவும் இருந்தது. எழுதினால் அது பேச்சியம்மாவின் காதுக்குப் போகும், ஊருக்குத் தெரியும், உனக்கும் ஒருநாள் தெரியும். மலையிலிருந்து எல்லோரையும் இறக்கிக் காப்பாற்றிய ஆள் என்ற பெயர் போய்விடும். அந்தப் பெயரை வைத்துக்கொள்ளத்தான் ஐந்து மாதம் ஒரு விதவையைக் காக்க வைத்தேன். ஒரு மத்தியானம் உன் அம்மா தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "நீங்க எழுதுறீகளா, இல்ல நான் போயி வாயால சொல்லட்டுமா?" என்றாள். எழுதினேன். "மேற்படி ஐந்து குடும்பத்தாரும் பட்டியல் எடுத்த நோட்டில் பெயர் கொடுக்க முன்வந்தபோது, நான் தப்பாகச் சந்தேகப்பட்டுத் தடுத்தேன். அவர்கள் என் பேச்சைக் கேட்டது தவிர வேறு குற்றம் செய்யவில்லை." கீழே கையெழுத்துப் போட்டேன். அந்த எழுத்தரும் சொன்னபடி லீவு போட்டுவிட்டு வந்து சாட்சி சொன்னார்.

அதற்குப் பிறகும் மூன்று நாலு வருஷம் இழுத்தது. ஐந்து குடும்பத்தில் மூன்று பேருக்கு உத்தரவு வந்தது. இரண்டு குடும்பம் எங்கே போனார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு என்று கேட்டுப் பார்த்துவிட்டேன். இப்போதும் பஸ்சில் அந்தப் பக்கத்து ஆள் யாராவது உட்கார்ந்தால் கேட்கிறேன்.

பேச்சியம்மாவின் உத்தரவை நானே எடுத்துக்கொண்டு மலை தாண்டிப் போனேன். லயத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள், பேச்சில் மலையாளம் கலந்திருந்தது. "ஆத்தா, உனக்கு மனை வந்திருச்சு. கேளு, படிக்கிறேன்" என்று தாளை விரித்தேன். அவள் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள். "நீங்க படிச்சாப் பத்தாதுண்ணே. வேற ஒருத்தர வச்சும் படிச்சுக்கிர்றேன்" என்றாள். கடைக்கார அம்மாவைக் கூப்பிட்டாள். மலையாளத்து அம்மாதான், ஆனால் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். அவர் உத்தரவை மெல்ல மெல்லப் படித்தார். அதோடு இணைத்திருந்த இன்னொரு தாளையும் படித்தார். அது நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகல். அதைத் தனியாகக் கழற்றி வைத்துவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். கழற்றவில்லை. அதற்காக என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதே, கழற்றினால் உத்தரவு செல்லாமல் போய்விடுமோ என்ற சந்தேகத்தில்தான் விட்டேன். "நான் தப்பாகச் சந்தேகப்பட்டுத் தடுத்தேன்" என்ற இடத்துக்கு வந்ததும் அந்த அம்மா நிறுத்தி என்னைப் பார்த்தார். பேச்சியம்மா பார்க்கவில்லை.

"ஆபீசுல விட்டுட்டாகன்னு சொன்னீகளே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். "மதி" என்றாள். போதும் என்று அர்த்தம். பிறகு கடைக்கார அம்மாவிடம், "அவுக பேரு வர்ற எடத்த மட்டும் இன்னொருக்க படிங்க சேச்சி" என்றாள். அவர் "காலஞ்சென்ற கருப்பையா" என்று படித்தார். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அப்புறம் எந்த இடத்தில் விரல் வைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்காமல் அவரிடமே கேட்டு வைத்தாள்.

அடுத்த மாதம் இங்கே வந்து சேர்ந்தாள். நாலு வீடு தள்ளி இருக்கிறாள், நீ லீவுக்கு வரும்போதெல்லாம் உனக்கு எலுமிச்சை ஊறுகாய் கொடுத்துவிடுகிறாள். உன் அம்மாவோடு நன்றாகத்தான் இருக்கிறாள். என்னோடு பேசுவாள், ஆனால் ஒரு கடிதம், ஒரு நோட்டீஸ் வந்தால் என்னிடம் கொண்டுவர மாட்டாள். பள்ளிக்கூட டீச்சரிடம் எடுத்துக்கொண்டு போவாள். எனக்கு அது வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கட்டும்.

இதை எல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். நீ பட்டியல் எடுக்கப் போகிறாய். அந்தப் பட்டியலில் ஒரு பேர் விட்டுப்போனால் அந்த மனுஷன் அங்கே வாழ்ந்ததே விட்டுப்போகும். செத்தவர்களையும் எழுது. கடல் கொண்டுபோன வீட்டையும் வலையையும் எழுது. யாரும் கேட்காவிட்டாலும் எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள் என்று கேட்டு எழுது. எழுதியதை அங்கேயே அவர்களுக்குப் படித்துக்காட்டிவிட்டு, அவர்கள் நம்புகிற வேறொருவரைக் கொண்டும் படிக்கச் சொல். ஒரு நகலை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வா. சேர்ந்து வாழ்ந்த சனத்தை எங்கே அனுப்பினாலும் சேர்த்தே அனுப்பச் சொல்லிச் சண்டை போடு. மேலே இருப்பவர்கள் தருகிற வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அந்தச் சனம் அப்புறப்படுத்த வேண்டிய குடும்பங்கள் இல்லை, இடம் கேட்க உரிமை உள்ள குடும்பங்கள். அவர்கள் உன்னைச் சந்தேகப்படுவார்கள், படட்டும். அதில் உனக்கு ரோஷம் வரக்கூடாது. ஏமாந்து ஏமாந்து கற்றது அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் குப்பத்தில் என்னைப் போல ஒருவன் கட்டாயம் இருப்பான். நாலெழுத்துப் படித்திருப்பான், ஏதோ ஒரு தடவை ஊரைக் காப்பாற்றியிருப்பான். உன் நோட்டைப் பார்த்ததும் முன்னால் வந்து நின்று மற்றவர்களைத் தடுப்பான். உனக்கு எரிச்சல் வரும். அவன் இல்லாத நேரம் பார்த்து, டீக்கடையில் உட்கார்ந்து, அவன் மனைவியிடமும் மற்றவர்களிடமும் பேர் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று தோன்றும். அது சுலபமான வழி. அந்த எழுத்தர் நல்ல மனுஷர்தான், ஆனாலும் அதைத்தான் செய்தார். நீ அப்படிச் செய்யாதே, தாயி. முதலில் அவனிடம் போய் உட்கார். திட்டினால் கேட்டுக்கொள். எத்தனை நாள் ஆனாலும் அவன் எதிரிலேயே எழுது. அவனைச் சுற்றிக்கொண்டு போனால், அவனை நம்பாதவர்களுக்கெல்லாம் வீடு கிடைத்துவிடும். நம்பினவர்கள்தான் தெருவில் நிற்பார்கள்.

உன் அப்பா